உச்சி வெயிலிலும் 37 டிகிரி

சித்திரை உச்சி வெயிலில் கூமாப்பட்டிக் கண்மாயில் மண் சுமக்கும் பெண்ணுக்கும், மார்கழி விடியலில் கொடைக்கானல் மலையில் கேரட் பிடுங்கும் பெண்ணுக்கும் உடம்புக்குள் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான். 37 டிகிரி செல்சியஸ். வீட்டுத் தெர்மாமீட்டர் கணக்கில் 98.6. வெளியே முப்பது டிகிரி வித்தியாசம் இருக்கலாம். உள்ளே அது ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடும். வெப்பம் மட்டும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் உப்பு, சர்க்கரை, பிராணவாயு, ரத்தத்தின் அழுத்தம் என எதை எடுத்தாலும் உடம்பு அதைக் குறுகிய எல்லைக்குள் வைத்துக் காக்கிறது. ரத்தத்தின் அமில காரக் குறியீடு 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்க வேண்டும். அந்த எல்லையை விட்டு வெகுதூரம் போனால் உயிர் தங்காது.

இந்த வத்திராயிருப்பு வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்த ஊர் கூமாப்பட்டி. 2025 ஜூன் மாதம் ரீல்ஸ் மூலம் எங்கள் ஊர்ப்பேர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பிளவக்கல் அணையையும் தென்னந்தோப்பையும் மேற்குமலையையும் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பச்சைக்குள் குனிந்து நாற்று நடுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், மாங்காய் பறிக்கிறவர்கள், கண்மாய் வெட்டுகிறவர்கள் ஆகியோரின் உடம்பைத்தான் என் உத்தியோகக் காலம் முழுக்கப் பார்த்தேன். அந்த உடம்பு என்ன பாடுபட்டு அவர்களை நிறுத்தி வைக்கிறது என்று தெரிந்தால், அதை இப்படி அலட்சியமாக நடத்த நமக்கு மனம் வராது.

வேர்வை எனும் வேலை

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. தன் வழியே ஓடும் ரத்தத்தின் சூட்டை அது நேரடியாக அறிகிறது. வெளியே வெயில் ஏறுவதைத் தோலில் இருக்கும் நரம்பு முனைகளும் அதற்குத் தெரிவிக்கின்றன. சூடு கூடினால் உடனே இரண்டு உத்தரவுகள் போகும். ஒன்று, தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிய வேண்டும். மற்றொன்று, வேர்வைச் சுரப்பிகள் வேலையைத் தொடங்க வேண்டும். மனிதத் தோலில் இந்தச் சுரப்பிகள் இருபது முதல் நாற்பது லட்சம் வரை இருக்கின்றன.

காற்றின் சூடு தோலின் சூட்டைவிடக் குறைவாக இருக்கும்வரை உடம்பு தன் வெப்பத்தைக் காற்றுக்குத் தள்ளிவிடலாம். தோலின் சூடு சுமார் 35 டிகிரி. வெளியே 38, 39 என்று ஏறிவிட்டால் காற்றே நமக்குச் சூடு கொடுக்கத் தொடங்குகிறது. அதன்பிறகு நமக்கு இருக்கும் ஒரே வழி வேர்வை. ஒரு லிட்டர் வேர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். உலர்ந்து ஆவியாகும் வேர்வைதான் உடம்பைக் குளிர்விக்கும். சொட்டிக் கீழே விழும் வேர்வையால் பலன் இல்லை. ராஜபாளையத்து நூற்பாலைகளில் நூல் அறாமல் இருக்கக் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள், "வேர்த்து ஊத்துது, ஆனா புழுக்கம் அடங்கல" என்பார்கள். ஈரக் காற்றில் வேர்வை உலர வழியில்லை. உடம்பு தண்ணீரையும் உப்பையும் இழக்கிறது, குளிர்ச்சி மட்டும் கிடைப்பதில்லை.

நம் ராஜபாளையம் நாயைப் பாருங்கள். அதன் வேர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தில்தான் இருக்கின்றன. அதனால் நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்து இளைத்தே சூட்டை வெளியேற்றுகிறது. மேனி முழுக்க இந்த அளவுக்கு வேர்த்து, அந்த வேர்வையை உலர்த்தியே வெயிலில் தாக்குப்பிடிக்க மனிதனால் முடிகிறது. 1774ஆம் ஆண்டு லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டிய ஓர் அறைக்குள் சில நிமிடங்கள் நின்று பார்த்தார். உடன் வைத்திருந்த இறைச்சி வெந்துவிட்டது. அவர் நலமாக வெளியே வந்தார். அறையின் காற்று உலர்ந்திருந்தது. அவருக்கு வேர்க்க முடிந்தது. அந்த அனுபவத்தை அடுத்த ஆண்டே எழுதி வெளியிட்டார்.

இந்த ஏற்பாடு சில சமயம் ஏமாறவும் செய்யும். காரமான மிளகாய்த் துவையலைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டால் நெற்றியும் மூக்கும் வேர்க்கும். சூட்டை உணரும் அதே நரம்பு முனையில்தான் மிளகாயின் காரமும் போய் ஒட்டுகிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் திறக்க வேண்டிய உணர்வி, காரம் பட்டதும் திறந்துவிடுகிறது. உடம்பு சுடுகிறது என்று மூளை நம்பி வேர்வையை வரவழைக்கிறது. இந்த உணர்வியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஐந்து லிட்டர் ரத்தம்

நம் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தம் ஐந்து லிட்டர்தான். வெயிலில் வேலை செய்யும்போது தோலுக்கு ரத்தம் வேண்டும், தசைக்கு வேண்டும், மூளைக்கு எப்போதும் வேண்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அள்ளிக் கொடுக்க இருப்பு இல்லை. கோடையில் கிணற்றுத் தண்ணீர் குறைந்துவிட்டால், தண்ணீர் பாய்ச்சுகிறவர் ஒரு வயலின் மடையை அடைத்து இன்னொரு வயலின் மடையைத் திறப்பாரே, உடம்பும் அதையேதான் செய்கிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்களைச் சுருக்கி, தோலுக்கும் தசைக்கும் போகும் குழாய்களை விரிக்கிறது. சும்மா இருக்கும்போது தோலுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர்கூடப் போகாது. கடும் வெப்பத்தில் அது ஏழு, எட்டு லிட்டர் வரை ஏறும். அதற்கு ஈடுகொடுக்க இதயம் ஓடி ஓடி அடிக்க வேண்டும்.

எந்தக் குழாய் சுருங்க வேண்டும், எது விரிய வேண்டும் என்பதை நாம் யோசித்துச் செய்வதில்லை. தானியங்கு நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்கிறது. அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. பரிவு நரம்புகள் உடம்பை முடுக்கும். எதிர்ப்பரிவு நரம்புகள் அமர்த்தும். கழுத்தின் இருபுறமும் மூளைக்குப் போகும் பெரிய தமனியில் அழுத்தத்தை அறியும் உணர்விகள் உள்ளன. உட்கார்ந்திருந்து எழுந்தால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்பக்கம் இறங்கிவிடும். கழுத்தில் அழுத்தம் குறைவதை அந்த உணர்விகள் முகுளத்துக்குச் சொல்லும். இரண்டொரு நொடியில் இதயம் வேகமெடுக்கும், கால் குழாய்கள் இறுகும், மூளைக்கு ரத்தம் குறையாது. ஒரு நாளில் நாம் எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது.

இது தடுமாறியதை ஒரு நாள் கண்ணெதிரே பார்த்தேன். நூறு நாள் வேலையில் கண்மாய் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். குனிந்து மண் அள்ளிய ஓர் அக்கா சட்டியைத் தலைக்கு ஏற்ற நிமிர்ந்தார். "கண்ணைக் கட்டிட்டு வருது" என்றார். அவ்வளவுதான், சரிந்துவிட்டார். கரைப் புளியமரத்து நிழலுக்குத் தூக்கி வந்தோம். மண் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் காலை உயர்த்தி வைத்தேன். நாடி மெல்லிசாக, எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. நாக்கு மாவு பூசினாற்போல வறண்டிருந்தது. கறுப்பு ரவிக்கையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்; உலர்ந்த வேர்வையின் உப்பு. ஈரத்துண்டால் கழுத்தையும் கையையும் துடைத்து விசிறினோம். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தார்; நாடியும் நிதானத்துக்கு வந்தது.

வேர்வையில் தண்ணீர் போய் ரத்தத்தின் அளவு ஏற்கெனவே குறைந்திருந்தது. இருந்த ரத்தத்திலும் பெரும்பங்கு விரிந்த தோல் குழாய்களில் நின்றது. நிமிர்ந்த நொடியில் மூளைக்கு வேண்டியது கிடைக்கவில்லை. மயங்கி விழுவதுகூட ஒருவகையில் உடம்புக்கு உதவிதான். படுத்ததும் மூளைக்கு ரத்தம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அவர் கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. மூடிகூடத் திறக்கப்படவில்லை. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "குடிச்சா ஒதுங்கணும்ல நர்சம்மா. இந்தக் கண்மாய்க்குள்ள எங்க போய் ஒதுங்க? சுத்தி ஆம்பளைங்க நிக்காங்க" என்றார். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தோப்புக்குள் யானை

மலையடிவாரத் தோப்புகளில் இரவுக் காவலுக்குப் போகிறவர்களுக்கு யானை புதிதல்ல. தென்னை முறியும் சத்தம் கேட்டதும் என்ன ஆகிறது என்று அவர்களைக் கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வாய் உலர்கிறது, மயிர் கூச்செறிகிறது, உள்ளங்கை வேர்க்கிறது. சத்தம் எதனால் வந்தது என்று மனம் தீர்மானிக்கும் முன்பே பரிவு நரம்புகள் வேலையை முடித்துவிடுகின்றன. சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்துக்கு விடுகிறது. இருட்டில் பார்க்கக் கண்ணின் பாவை விரிகிறது. செரிமானம் நிற்கிறது. எதிர்த்து நிற்கவோ ஓடவோ தேவையான அத்தனையும் நொடிகளில் தயார்.

இதை விரிவாக ஆராய்ந்து சொன்னவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக உடலியல் பேராசிரியர் வால்டர் கேனன். உடம்பின் உட்சூழல் நிலையாக இருப்பதுதான் சுதந்திரமான வாழ்வுக்கு அடிப்படை என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் கிளாட் பெர்னார்டு சொல்லியிருந்தார். கேனன் அந்தக் கருத்தை வளர்த்தெடுத்து, 1926இல் ஹோமியோஸ்டாசிஸ் என்று அதற்குப் பெயரிட்டார். 1932இல் அதைப் பொதுமக்களுக்கும் புரியும்படி ஒரு புத்தகமாக எழுதினார்.

யானை போனதும் எதிர்ப்பரிவு நரம்புகள் இதயத்தை அமர்த்த வேண்டும். சாதாரணமாக அப்படித்தான் நடக்கிறது. ஆனால் வட்டிக்கடனும், குடித்துவிட்டு வரும் கணவனும், மகளின் கல்யாணச் செலவும் விட்டுப் போகிற யானைகள் அல்ல. அவற்றை நினைத்து நினைத்து இரவெல்லாம் முடுக்கத்திலேயே கிடக்கும் உடம்புக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், தூக்கம் கெடும். ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டும்போதெல்லாம் மாத்திரையைக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், வீட்டில் என்ன சங்கதி என்று கேட்டது அதனால்தான்.

நீச்சத்தண்ணியின் அறிவு

வேர்வையில் தண்ணீர் போகப் போக ரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்துவிடும். உடனே தாகத்தைக் கிளப்பும். வாசோபிரஸின் என்ற ஹார்மோனையும் ரத்தத்தில் கலக்கச் செய்யும். அது சிறுநீரகத்துக்குப் போய்த் தண்ணீரைத் திருப்பி எடுக்கச் சொல்லும். சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. வெளியே விடுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதியெல்லாம் மறுபடி ரத்தத்துக்கே போகிறது. சிறுநீர் அடர்மஞ்சளாக, கடுப்போடு போனால் சிறுநீரகம் சொட்டுத் தண்ணீரையும் இழுத்துப் பிடிக்கிறது என்று பொருள். இதைவிடச் செலவில்லாத பரிசோதனை வேறு கிடையாது.

உப்பைக் காக்க அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் இருக்கிறது. புதிதாக வெயில் வேலைக்கு வருகிறவருக்கு வேர்வையில் உப்பு அதிகம் போகும். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் உடம்பு பழகிக்கொள்ளும். வேர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், நிறைய வரும், அதில் உப்பு குறையும். ஆகவே முதல் வாரம்தான் ஆபத்தானது. லீவில் வந்த பிள்ளையையோ, பிரசவம் முடிந்து திரும்பிய பெண்ணையோ முதல் நாளே முழு வேலைக்கு இறக்கக்கூடாது.

நம் பாட்டிமார் தூக்குவாளியில் கொண்டுபோன நீச்சத்தண்ணியில் தண்ணீர், உப்பு, சோற்றின் மாவுச்சத்து மூன்றும் இருக்கின்றன. குடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னால் தண்ணீர் வருகிறது. மாவுச்சத்து செரித்தால் குளுக்கோஸ். உப்புச் சர்க்கரைக் கரைசலின் அடிப்படையும் இதுதான். 1971ஆம் ஆண்டு வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மேற்குவங்கம் போங்காவில் டாக்டர் திலீப் மகலானபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். சுமார் முப்பது சதவீதமாக இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பிறகு 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இளநீர் நல்லதுதான். அதில் பொட்டாசியம் நிறைய. வேர்வையில் அதிகம் போகும் சோடியம் குறைவு. அதனால் இளநீரோடு உப்புப் போட்ட மோரோ நீச்சத்தண்ணியோ சேரட்டும். ரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரகநோய் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் அல்ல, ஆபத்து

காய்ச்சலும் வெயில் தாக்கமும் ஒன்றல்ல. காய்ச்சலில் ஹைப்போதலாமஸ் தானாகவே சூட்டின் இலக்கை உயர்த்திக்கொள்கிறது, கிருமியோடு போராட. அதற்குப் பாராசிட்டமால் கேட்கும். வெயில் தாக்கத்தில் இலக்கு அதே 37தான். உடம்பால் அங்கே இறங்க முடியவில்லை. மாத்திரை கொடுத்துப் போர்த்திப் படுக்க வைத்தால் பலன் இல்லை, நேரம் வீணாகும். உடம்பு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் போனால் அது உயிர்போகும் அவசரம். 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

வயதானால் தாகம் மங்கிவிடும். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் அவர்கள் கேட்க மாட்டார்கள். நாம்தான் நேரத்துக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். பல வருடச் சர்க்கரை நோயில் தானியங்கு நரம்புகளே பழுதாகி, வேர்ப்பது குறையும், எழுந்தால் தலை கிறுகிறுக்கும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெயிலில் கவனமாக இருக்க வேண்டும்.

ஒதுங்க ஓர் இடம்

இப்போது அந்த மூடி திறக்காத பாட்டிலுக்கு வருகிறேன். அந்த அக்காவின் உடம்பு தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. தாகத்தை எழுப்பியது, சிறுநீரை அடக்கியது, இதயத்தை விரட்டியது. தாகம் கேட்டதை அவரால் கொடுக்க முடியவில்லை. பெண்கள் வேலைக்கு வரும் இடத்தில் ஒதுங்க ஒரு மறைப்பு இல்லை என்பதால், கோடிக்கணக்கான வருடப் பரிணாமம் வகுத்துக் கொடுத்த ஏற்பாட்டையே அவர் தன் கையால் நிறுத்தி வைத்திருந்தார். நீர்க்கடுப்போடு என்னிடம் வந்த பெண்களில் பெரும்பாலோர் சொன்ன காரணமும் இதுதான்.

வயிற்றில் பிள்ளை இருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் தமிழகத்தில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள். அவர்களுக்குக் கருச்சிதைவு 5 சதவீதம். மற்றவர்களுக்கு 2 சதவீதம். நெல் வயலிலும் செங்கல் சூளையிலும் நிற்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நிழலும் ஓய்வும் கொடுப்பது இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது மருத்துவத் தேவை.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு. ஆனால் சாவுக்குப் பின் வரும் பணத்தைவிட, சாகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குச் செலவு மிகக் குறைவு. வேலையிடத்தில் குடிதண்ணீரும் நிழலும் முதலுதவியும் இருக்க வேண்டும் என்று நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. நான்கு கம்பும் ஒரு தார்ப்பாயும் இருந்தால் பெண்களுக்கு ஒரு மறைப்பு தயாராகிவிடும்.

தோப்புக்காரர்களையும், காண்ட்ராக்ட் எடுப்பவர்களையும், ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். சித்திரை, வைகாசியில் வேலையை விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறும் முன் நிறுத்துங்கள். நிழலில் ஒரு பானைத் தண்ணீரும் பக்கத்திலேயே உப்பும் வையுங்கள். பெண்கள் வரும் இடமென்றால், மண்வெட்டி எடுத்துக் கொடுக்கும் முன்பு மறைப்பைக் கட்டுங்கள். வேலைக்குப் போகும் தாய்மாரே, அது கட்டப்படாத இடத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.